எந்த உப்பைச் சேர்ப்பது? அயனி தாங்கிய பாலிமர்களுக்கு ஓர் ஒப்பீடு

கார்போமர் என்ற கெட்டியாக்கும் பாலிமர் கலந்த சானிடைசர் ஜெல்லை வியர்த்த உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். பாட்டிலுக்குள் கெட்டியாக நின்ற ஜெல் கையில் பட்டதும் நீர்த்து ஓடும். அதை இளக்கியது வியர்வையிலுள்ள உப்பு. கப்பா காராகீனன் என்ற கடற்பாசிப் பாலிமரின் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து ஆறவிட்டால் நேர்மாறாக, வெட்டி எடுக்கும் அளவுக்கு உறையும். இன்னொரு வகை பாலிமர் தூய நீரில் கரைய மறுத்து அடியில் கிடக்கும். உப்பு போட்டதும் தெளிவாகக் கரைந்துவிடும்.

ஆக, உப்பு சேர்த்தால் பாலிமர் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தப் பாலிமர், எந்த வேலை என்று சொன்னால் விடை உண்டு. பலர் முதலில் செறிவை முடிவு செய்கிறார்கள், பிறகு அலமாரியில் இருக்கும் சோடியம் குளோரைடை எடுக்கிறார்கள். நான் வரிசையை மாற்றச் சொல்வேன். பாலிமர் சங்கிலியின் மின்சுமையை ஈடுசெய்யும் அயனி எது, அதன் இணைதிறன் ஒன்றா இரண்டா மூன்றா என்பதை முதலில் பாருங்கள். அந்த அயனி தன்னைச் சுற்றியுள்ள நீரை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பது அடுத்தது. செறிவு அதற்குப் பிறகுதான்.

சங்கிலியைச் சுற்றி நடப்பது

சோடியம் பாலிஅக்ரிலேட்டை எடுத்துக்கொள்வோம். சங்கிலி நெடுக எதிர்மின்சுமைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 0.25 நானோமீட்டர். அவை ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி நீண்டு விறைத்து நிற்கிறது. நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று இடிபட்டுக் கரைசலைக் கெட்டியாக்குகின்றன. உப்பு சேர்த்தால், சேர்ந்த அயனிகள் மின்சுமைகளுக்கு நடுவே திரைபோல வந்து நிற்கின்றன. தள்ளுவிசை எட்டும் தூரம் குறைகிறது. டிபை நீளம் என்பது இந்தத் தூரம்தான். 25 டிகிரி செல்சியஸில், சோடியம் குளோரைடு 0.001 மோலார் இருக்கும்போது அது சுமார் 9.6 நானோமீட்டர். 0.1 மோலாரில் 0.96. 1 மோலாரில் 0.3, அதாவது பக்கத்து மின்சுமையைத் தாண்டி எதுவும் தெரியாத நிலை. சங்கிலி சுருண்டுவிடும், பாகுநிலை சரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிபை நீளம் செறிவின் வர்க்கமூலத்தோடுதான் குறைகிறது. எனவே முதல் சிட்டிகை உப்புதான் பெரிய மாற்றத்தைச் செய்கிறது. உப்பே இல்லாத கரைசலுக்கும் 0.01 மோலார் கரைசலுக்கும் உள்ள வேறுபாடு, 0.5 மோலாருக்கும் 1 மோலாருக்கும் உள்ளதைவிட மிகப் பெரிது. குழாய்நீரில் செய்த சோதனையையும் அயனி நீக்கிய நீரில் செய்ததையும் ஒப்பிட்டுப் பலர் குழம்புவது இதனால்தான்.

உப்பே சேர்க்காவிட்டாலும் ஈடுசெய்யும் அயனிகள் எல்லாம் தாராளமாக அலைவதில்லை. மின்சுமைகள் சுமார் 0.7 நானோமீட்டரைவிட நெருக்கமாக இருந்தால், அயனிகளில் ஒரு பகுதி சங்கிலியோடு ஒட்டியே நிற்கும் என்று ஜெரால்ட் மானிங் 1969இல் காட்டினார். அவர் கணக்குப்படி, முழுக்க மின்சுமை ஏறிய பாலிஅக்ரிலேட்டில் சோடியம் போன்ற ஒற்றை இணைதிறன் அயனிகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மின்சுமையை மறைத்துவிடுகின்றன. இரட்டை இணைதிறன் அயனியாக இருந்தால் ஐந்தில் நான்குக்கும் மேல். கால்சியத்தின் வலு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சோடியம் குளோரைடா, கால்சியம் குளோரைடா

பெரும்பாலானோர் எதிர்கொள்ளும் தேர்வு இதுதான். பெரும்பாலும் தவறாக ஒப்பிடப்படுவதும் இதுதான். இரண்டையும் 0.1 மோலார் எடுத்து, கால்சியம் அதிகம் வேலை செய்தது என்று எழுதிவிடுகிறார்கள். அயனி வலிமை என்பது ஒவ்வோர் அயனியின் செறிவையும் அதன் மின்சுமையின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டியதில் பாதி. 0.1 மோலார் சோடியம் குளோரைடுக்கு அது 0.1. அதே செறிவில் கால்சியம் குளோரைடுக்கு 0.3. திரையிடுவதில் மட்டுமே மூன்று மடங்கு வேறுபாடு இருக்கும்போது, கால்சியத்துக்கே உரிய குணம் எது என்று எப்படிப் பிரிப்பது? சம அயனி வலிமையில் ஒப்பிட வேண்டும். அயனி வலிமை 0.1 வேண்டுமானால் லிட்டருக்கு 5.84 கிராம் சோடியம் குளோரைடு, அல்லது இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த கால்சியம் குளோரைடு 4.9 கிராம், அல்லது நீரற்ற சோடியம் சல்பேட் 4.73 கிராம். கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திறந்து வைத்த பாட்டிலிலிருந்து எடுத்தால் எடை பொய் சொல்லும்.

இப்படிச் சமன்செய்து ஒப்பிட்டாலும் பாலிஅக்ரிலேட்டிடம் கால்சியம் வேறு மாதிரிதான் நடந்துகொள்கிறது. சோடியம் திரையிடுவதோடு நிற்கிறது. கால்சியம் கார்பாக்சிலேட் தொகுதிகளைப் பிடித்துக்கொள்கிறது, சில இடங்களில் இரண்டு தொகுதிகளைச் சேர்த்து இழுக்கிறது. முதலில் சங்கிலி சுருங்கும், பிறகு கரைசல் கலங்கும், கடைசியில் வெண்மையாக வீழ்படிவாகும். பாதி நடுநிலையாக்கிய பாலிஅக்ரிலிக் அமிலத்தில் கால்சியம் சேர்த்தால் பிஎச் இறங்குவதையும் காணலாம். கால்சியம் ஒட்டும்போது மீதமுள்ள கார்பாக்சிலிக் தொகுதிகள் புரோட்டானை எளிதாக விடுகின்றன. சோடியம் குளோரைடும் பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் அவ்வளவு இல்லை. பிஎச்சை மீண்டும் சரிசெய்யாமல் பாகுநிலையை ஒப்பிட்டால் உப்பின் விளைவும் அமிலத்தின் விளைவும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நான் ஒருமுறை பாலிஅக்ரிலேட் கரைசலைக் கடின நீரில் நீர்க்கச் செய்துவிட்டு, கலங்கியதற்குப் பாலிமர்தான் காரணம் என்று நம்பி இரண்டு நாள் அதையே சோதித்துக்கொண்டிருந்தேன். நீரை மாற்றியதும் கரைசல் தெளிந்தது. அதிலிருந்து நீரின் கால்சியம் அளவைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

சோடியமும் கால்சியமும் சேர்ந்திருக்கும்போது ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கரைசலில் சோடியம் குளோரைடு கூடுதலாக இருந்தால், பாலிஅக்ரிலேட்டை வீழ்படிவாக்கக் கூடுதல் கால்சியம் தேவைப்படும். உப்பு மேல் உப்பு சேர்த்தால் கெடும் என்று நினைக்கிற இடத்தில் சோடியம் ஓரளவு காவலாகவே நிற்கிறது.

பாலிஸ்டைரீன் சல்போனேட்டின் கதை வேறு. சல்போனேட் தொகுதி கால்சியத்தை அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. பாலிஅக்ரிலேட் விழுந்துவிடும் கால்சியச் செறிவிலும் இது கரைந்தே இருக்கும். ஒற்றை இணைதிறன் அயனிகளுக்கு இடையேயும் இந்தத் தலைகீழ் உண்டு: கார்பாக்சிலேட் லித்தியத்தையும் சோடியத்தையும் பொட்டாசியத்தைவிட விரும்பும்; சல்போனேட் பொட்டாசியத்தை விரும்பும். அயனிமாற்ற ரெசின்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது.

நேர்மின்சுமைப் பாலிமருக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. பாலி டையலைல் டைமெத்தில் அமோனியம் குளோரைடு போன்ற சங்கிலிக்குக் கால்சியம் வெறும் பார்வையாளர். அங்கே ஈடுசெய்யும் அயனி குளோரைடு. கால்சியத்தின் இரட்டை மின்சுமைக்காகப் பணம் செலவழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அங்கே இரட்டை இணைதிறனின் வேலையைச் செய்வது சல்பேட். நேர்மின் பாலிமருக்கு உப்பு தேடுகிறவர்கள் கால்சியம் குளோரைடையும் மக்னீசியம் குளோரைடையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது. குளோரைடையும் சல்பேட்டையும் ஒப்பிட வேண்டும்.

அலுமினியம், இரும்பு, லாந்தனம் போன்ற மூன்று இணைதிறன் அயனிகளை, பாலிமரை வெளியே தள்ளுவதே நோக்கமாக இருந்தால் ஒழிய, நான் பரிந்துரைக்க மாட்டேன். மிகக் குறைந்த அளவிலேயே வீழ்படிவு வரும். அலுமினியமும் இரும்பும் நீராற்பகுப்பு அடைந்து பிஎச்சுக்கேற்ப வேறு வேறு வடிவம் எடுப்பதால், எந்த அயனி வேலை செய்தது என்று சொல்வதே கடினம்.

ஒரே கால்சியம், மூன்று உப்புகள்

ஆல்ஜினேட் என்ற எதிர்மின்சுமைக் கடற்பாசிப் பாலிமரை உறையவைக்க வேண்டும் என்று முடிவானால் ஈடுசெய்யும் அயனி பற்றிக் குழப்பமில்லை. மக்னீசியம் உறையவைக்காது, சோடியம் உறையவைக்காது, கால்சியம் உறையவைக்கும். பேரியம் இன்னும் வலுவாக உறையவைக்கும், ஆனால் நச்சுத்தன்மை காரணமாகப் பல பயன்பாடுகளில் அதைத் தொட முடியாது. ஆல்ஜினேட் சங்கிலியிலுள்ள குலுரோனிக் அமிலத் துண்டுகளின் மடிப்புகளுக்குள் கால்சியம் முட்டைப்பெட்டியில் முட்டை உட்காருவதுபோல உட்கார்ந்து இரு சங்கிலிகளைப் பிணைக்கிறது. 1973இல் முன்வைக்கப்பட்ட இந்தப் படம் பிறகு திருத்தம் பெற்றாலும் இன்றும் பயன்படுகிறது.

ஆனால் கால்சியத்தை எந்த உப்பாகக் கொடுப்பது? பாலிமரின் தலைவிதியை இங்கே எதிரே வரும் எதிர்மின் அயனியும் அதன் கரைதிறனும் முடிவு செய்கின்றன. கால்சியம் குளோரைடு நன்றாகக் கரையும். ஆல்ஜினேட் சொட்டு அதில் விழுந்த கணமே வெளித்தோல் உறைந்துவிடும், உள்ளே திரவமாகவே கொஞ்ச நேரம் இருக்கும். மணிகள், இழைகள் செய்ய இதுதான் சரி. ஒரு பாத்திரம் நிறைய சீரான ஜெல் வேண்டுமென்றால் இதுவே மோசமான தேர்வு. கலக்கும்போதே கட்டி கட்டியாகிவிடும்.

கால்சியம் சல்பேட் லிட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். கால்சியம் மெல்ல மெல்ல வெளிவருவதால் கலக்கவும் அச்சில் ஊற்றவும் சில நிமிடங்கள் கிடைக்கும். பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் பொடி இந்த உத்தியில்தான் இயங்குகிறது. அதில் சோடியம் பாஸ்பேட்டும் இருக்கும். முதலில் வெளிவரும் கால்சியத்தைப் பாஸ்பேட் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். பாஸ்பேட் தீர்ந்த பிறகுதான் ஆல்ஜினேட்டுக்குக் கால்சியம் கிடைக்கும். ஒரு உப்பின் வேகத்தை இன்னொரு உப்பைக் கொண்டு கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கால்சியம் கார்பனேட் நடுநிலை நீரில் அநேகமாகக் கரையாது. அதை நுண்பொடியாக ஆல்ஜினேட்டில் பரப்பி, மெதுவாக அமிலமாக மாறும் குளுக்கோனோ டெல்டா லாக்டோனைச் சேர்த்தால், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கால்சியம் விடுபடும். மூன்றில் மிகச் சீரான ஜெல் இதில்தான் கிடைக்கும். விலையாகக் கொடுப்பது நேரம். கொஞ்சம் கார்பன் டைஆக்சைடும் வெளியாகும், அது குமிழாகச் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவிடுவதற்காகச் சேர்க்கும் உப்பு

மூலக்கூறு எடை அளக்கவே உப்பு தேவைப்படுகிறது. தூய நீரில் பாலிஎலக்ட்ரோலைட்டை, அதாவது மின்சுமை தாங்கிய பாலிமரை, நீர்க்கச் செய்தால், ஒடுக்கப்பட்ட பாகுநிலை (பாலிமரால் கூடும் பாகுநிலையை அதன் செறிவால் வகுத்தது) குறையாமல் ஏறும். ரேமண்ட் ஃபுவாஸ் 1948இல் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். நீர்க்கும்போது திரையிடும் அயனிகளும் குறைவதால் சங்கிலி மேலும் விரிகிறது. உப்பு சேர்த்து வைத்தால் கோடு ஒழுங்காக நேராகும்.

இந்த வேலைக்கு ஒற்றை இணைதிறன் உப்பே போதும், அதுவே நல்லது. சங்கிலிகளை அளவு வாரியாகப் பிரிக்கும் அளவுபிரிப்புக் குரோமட்டோகிராபியில் 0.1 மோலார் சோடியம் நைட்ரேட் பலரும் பயன்படுத்துவது. சோடியம் குளோரைடும் திரையிடும், ஆனால் குளோரைடு எஃகுப் பாகங்களை அரிக்கும். நைட்ரேட்டின் குறை, புறஊதாக் கதிரை வலுவாக உறிஞ்சுவது. புறஊதாக் கண்டறிவியோடு குறைந்த அலைநீளத்தில் அளக்க வேண்டுமானால் சோடியம் சல்பேட்டுக்கு மாறலாம், பாலிமர் எதிர்மின்சுமை உடையதாக இருந்தால். நேர்மின் பாலிமராக இருந்தால் சல்பேட்டை யோசித்துத்தான் தொட வேண்டும்.

உப்பை நாம் தேர்ந்தெடுக்க முடியாதபோது

சில இடங்களில் உப்பு ஏற்கெனவே இருக்கும், தேர்வு பாலிமரில்தான். கடல்நீரின் அயனி வலிமை சுமார் 0.7 மோலார், அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன. எண்ணெய்க் கிணறுகளில் நீரைக் கெட்டியாக்கச் செலுத்தும் பாலிமர் இதைவிட உப்பான நீரையும் சந்திக்கும்.

பகுதி நீராற்பகுப்படைந்த பாலிஅக்ரிலமைடு நன்னீரில் அருமையாகக் கெட்டியாகும். உப்புநீரில் பாகுநிலையின் பெரும்பகுதியை இழக்கும். சூடான கிணற்றில் அமைடு தொகுதிகள் தொடர்ந்து கார்பாக்சிலேட்டாக மாறிக்கொண்டே போவதால், முதல் நாள் கரைந்திருந்த பாலிமர் பிறகு கால்சியத்தோடு சேர்ந்து விழுந்துவிடக்கூடும். ஏஎம்பிஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும், சல்போனேட் தாங்கிய அலகுகளைச் சங்கிலியில் சேர்த்தால் கால்சியத்தைத் தாங்கும் திறன் கூடும், விலையும் கூடும். நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சர்க்கரைச் சங்கிலிப் பாலிமரான சாந்தன் மூன்றாவது வழி. அதன் விறைப்பு மின்சுமைத் தள்ளலால் வருவதல்ல, சுருளான அமைப்பால் வருவது. உப்பு அந்தச் சுருளைக் குலைக்காமல் நிலைப்படுத்துகிறது, அதனால் உப்புநீரிலும் பாகுநிலை அநேகமாக அப்படியே நிற்கும். ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். நீரை மென்மையாக்கிக் கால்சியத்தை முன்கூட்டியே எடுத்துவிடுவது நான்காவது வழி. அதற்கு வசதி இருந்தால் நான் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அதைத்தான், ஏனென்றால் மலிவான பாலிமரைக் குறைந்த அளவில் பயன்படுத்தலாம்.

மீஉறிஞ்சிப் பாலிஅக்ரிலேட் மணிகளிலும் இதே சிக்கல். அயனி நீக்கிய நீரில் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு உறிஞ்சுபவை, 0.9 சதவீத உப்புநீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். ஜெல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் அயனிச் செறிவு வேறுபாடு குறைந்தால் நீரை உள்ளிழுக்கும் சவ்வூடு அழுத்தமும் குறைகிறது. உறிஞ்சும் திறனைத் தூய நீரில் அளந்து சொல்லும் விளம்பரத்தை நம்பித் தேர்வு செய்யாதீர்கள்.

உப்பு கரைக்கும் இடங்கள்

ஒரே அலகில் நேர், எதிர் இரண்டு மின்சுமைகளும் கொண்ட பாலிசல்போபீட்டெயின் தன்னோடு தானே ஒட்டிக்கொள்வதால் தூய நீரில் கரையாமலோ கலங்கியோ இருக்கும். உப்பு அந்த ஒட்டுதலை விடுவிக்கும், சங்கிலி விரியும், பாகுநிலை ஏறும். இங்கே எதிர்மின் அயனியின் தேர்வு பேசும். நீரைத் தளர்வாகப் பிடிக்கும் அயோடைடு, தயோசயனேட், பெர்குளோரேட் ஆகியவை குளோரைடைவிடக் குறைந்த செறிவிலேயே கரைத்துவிடும். புரதங்களை வீழ்படிவாக்கும் திறனைக் கொண்டு ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் 1888இல் உப்புகளுக்கு வகுத்த வரிசை இங்கே உயிரோடு வருகிறது.

நேர்மின் பாலிமரும் எதிர்மின் பாலிமரும் சேர்ந்த கூட்டுப்பொருளில் இந்த வேறுபாடு தொழில் முடிவாகவே மாறுகிறது. பாலிஸ்டைரீன் சல்போனேட்டும் பாலி டையலைல் டைமெத்தில் அமோனியமும் கலந்தால் வெள்ளையாகத் திரண்டு விழும்; சூடாக்கினாலும் உருகாது. உப்பு சங்கிலிகளுக்கிடையே புகுந்து அயனி இணைப்புகளை விடுவிக்கும்போது திரள் மென்மையாகும், உப்பு மேலும் ஏறினால் திரவமாகும். பொட்டாசியம் புரோமைடு சில மோலார் செறிவுக்குள்ளாகவே இதை முழுக்கக் கரைத்துவிடுகிறது. சோடியம் குளோரைடுக்கு அதைவிட அதிகம் தேவை. புரோமைடு நீரைத் தளர்வாகப் பிடிப்பதால் அமோனியம் தொகுதியோடு எளிதாகச் சேர்கிறது. விலை முக்கியமென்றால், முழுக்கக் கரைக்கத் தேவையில்லை, இளக்கி அழுத்தி வடிவம் கொடுத்தால் போதுமென்றால் சோடியம் குளோரைடு. முழுக்கக் கரைத்துப் படலம் வார்க்க வேண்டுமென்றால் பொட்டாசியம் புரோமைடு. வார்த்த பிறகு நீரில் உப்பைக் கழுவினால் பொருள் மீண்டும் இறுகும். கழுவும் வேகத்தைக் கவனியுங்கள்: சட்டென்று தூய நீரில் போட்டால் உள்ளே மாட்டிய உப்பு நீரை இழுத்துத் துளைகளை உண்டாக்கும். வடிகட்டிப் படலம் செய்பவருக்கு அந்தத் துளைகள் வரம். ஒளிபுகும் தகடு செய்பவருக்குக் கேடு.

நீரில்லாத இடத்தில்

எத்திலீன் மெதக்ரிலிக் அமில அயனோமர் (சில அயனித் தொகுதிகள் மட்டும் கொண்ட பிளாஸ்டிக்) போன்ற உருக்கி வார்க்கும் பொருட்களில் திரையிடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மின்கடவா எண் (மின்சுமைகளுக்கிடையேயான விசையைத் தணிக்கும் அளவு) குறைவாக இருப்பதால் அயனிகள் இணைந்து கொத்துக் கொத்தாகத் திரண்டு நிற்கும். அங்கே தேர்வு, அமிலத்தை எந்த உலோகத்தால் நடுநிலையாக்குவது என்பதுதான். சோடியம் தெளிவையும் எண்ணெய் எதிர்ப்பையும் தரும், ஈரத்தை உறிஞ்சும். துத்தநாகம் ஈரத்தைக் குறைவாக ஏற்கும், நன்றாக ஒட்டும். நான் ஈரமான சூழலில் சோடிய வகையை எடுக்க மாட்டேன்.

எரிபொருள் மின்கலத்தில் புரோட்டானைக் கடத்தும் நஃபியான் என்ற சல்போனேட் பாலிமர்ப் படலத்துக்கு உப்பே கூடாது. சோடியமோ கால்சியமோ புரோட்டானின் இடத்தைப் பிடித்தால் கடத்துதிறன் இறங்கும்; இரும்பு வந்தால் பெராக்சைடைச் சிதைத்து, சங்கிலியையே அறுக்கும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்களை) உண்டாக்கும். உப்புநீரை மின்னாற்பகுத்துக் குளோரினும் காரமும் எடுக்கும் குளோர்-காரப் படலக் கலங்களில் உப்புநீரே மூலப்பொருள், அங்கேயும் கால்சியம், மக்னீசியம் இரண்டும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்குக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். படலத்துக்குள் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும் என்ற அச்சம்தான் காரணம்.

உப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு சேர்க்கும் வரிசையும் உண்டு. கெட்டியாக்கும் பாலிமரைத் தூய நீரில் முழுக்க ஊறவிட்டுக் கரைத்து, பிறகு உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். உப்புநீரில் நேரடியாகப் பொடியைத் தூவினால் வெளியே சுருங்கிய தோல் படிந்து உள்ளே உலர்ந்த கட்டிகள் தங்கும். கூட்டுப்பொருளில் தலைகீழாகச் செய்ய வேண்டும். இரண்டு பாலிமர்களையும் தனித்தனியே செறிந்த உப்புக் கரைசலில் கரைத்துக் கலந்துவிட்டு, பிறகு நீரூற்றி உப்பை மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தூய நீரில் கலந்தால் இரண்டும் சந்தித்த இடத்திலேயே திரண்டு, கலவை ஒருபோதும் சீராகாது.